லெஃப்ட்ல திரும்பணும் சித்தப்பா

எங்கள் ஊரில் இருந்துகொண்டு வண்டி ஓட்ட வராது என்று சொல்வது கொஞ்சம் கூச்சமான காரியம். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். செட்டிப்பாளையம் பக்கம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில்தான் நான் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போடப் போனேன். முதல் வளைவு சுமாராக வந்தது. நடுவில் கால் ஊன்றிவிட்டேன். எட்டு போடச் சொன்ன இடத்தில் நான் போட்டது ஒரு மூன்று. ஆய்வாளர் திட்டவெல்லாம் இல்லை, நல்ல மனிதர். "அடுத்த மாசம் வாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த 'அடுத்த மாசம்' நான்கு முறை வந்தது.

ஆகவே, பாரடைஸ் சிட்டி என்றொரு இல்லாத ஊரில் 2008-லிருந்து நான் கார் ஓட்டிக்கொண்டிருப்பது பற்றி யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஊரில் லைசென்ஸைக் கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள்.

பர்ன்அவுட் பாரடைஸ். இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் கிரைடீரியன் கேம்ஸ் செய்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2008 ஜனவரியில் வெளியிட்ட வீடியோ கேம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அண்ணன், தன் ஏழு வயதுப் பையனுக்காகப் பிளேஸ்டேஷன் 3 ஒன்றையும் இந்த டிஸ்கையும் வாங்கி வந்தார். கூட்டுக் குடும்பம். பையன் கெட்டுப் போய்விடக் கூடாதே என்று மேற்பார்வை பார்க்கத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன் கெடவில்லை. இன்றைக்கு பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான்.

எனக்கு முன்அனுபவம் இல்லாமல் இல்லை. கல்லூரிக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் ரோடு ராஷ் ஆடியவன்தான். பைக்கில் போய்க்கொண்டே பக்கத்து பைக்காரனை உதைக்கும் அந்த விளையாட்டு, 1991-இல் சேகாவுக்காக வந்து, 1996-இல் விண்டோஸுக்கு வந்தது. எங்கள் தலைமுறைக்கு ரேஸ் என்றால் அதுதான். கீழே விழுந்தால் நம் ஆள் எழுந்து, ரோட்டில் கிடக்கும் பைக்கை நோக்கி ஓடுவான். நான் அதில் பைக் ஓட்டியதைவிட பைக்கைத் தேடி ஓடியதுதான் அதிகம். அந்தக் காலத்து ஆட்டங்களில் ஒரு நிம்மதி இருந்தது. குறுந்தகட்டில் என்ன இருந்ததோ அவ்வளவுதான். செய்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நாம் தோற்றது நமக்கும் சென்டர்காரருக்கும் மட்டுமே தெரியும்.

பாரடைஸ் அப்படி விடவில்லை. வெளியான பிறகும் ஒன்றரை வருஷம் அந்த மனிதர்கள் எனக்கு உதவி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு உதவியும் நேராக என்னுடைய ஏதோ ஒரு குறையைத் தேடி வந்தது போலிருக்கும். ஒன்றையும் நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது.

முதல் குறை, திசை. இந்த ஊரில் பந்தயத்துக்கென்று அடைத்துக் கட்டிய பாதை கிடையாது. ஏதாவது ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் அங்கேயே பந்தயம் தொடங்கிவிடும். அப்படி 120 சிக்னல்கள். போய்ச் சேர வேண்டிய இடங்கள் மட்டும் எட்டு: கடற்படைத் தளம், பேஸ்பால் மைதானம், மலைமேல் வானாய்வுக் கூடம், காற்றாலைகள் நிற்கும் விண்ட் ஃபார்ம் என்று ஊரின் ஓரங்களில். எந்தத் தெரு வழியாகப் போவது என்பது நம் சாமர்த்தியம். திரும்ப வேண்டிய இடம் நெருங்கினால் திரையின் உச்சியில் தெருப் பெயர்ப் பலகை மினுங்கும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே லாரி வரும்போது தலையைத் தூக்கித் தெருப் பெயரைப் படிக்க வேண்டும். காந்திபுரத்தில் நின்று நிதானமாக பஸ் போர்டு படிக்கும்போதே வேறு பஸ்ஸில் ஏறியவன் நான்.

"லெஃப்ட்ல திரும்பணும் சித்தப்பா" என்பான் பையன்.

"தெரியும்டா" என்பேன், நேராகப் போய்க்கொண்டே.

கடற்படைத் தளத்துக்குக் கிளம்பினாலும் சரி, மைதானத்துக்குக் கிளம்பினாலும் சரி, கடைசியில் நான் மலையேறி விண்ட் ஃபார்மில் நிற்பேன். ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மற்றவர்கள் ஊரின் எதிர்மூலையில் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். என்னைச் சுற்றி காற்றாலைகள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் போகிற மாதிரி ஒரு ஆறுதல்.

தோற்றால் 'மறுபடி ஆடு' என்று ஒரு பொத்தான் இருக்கும் அல்லவா, எந்த ரேஸ் விளையாட்டிலும்? இதில் இல்லை. தொடங்கிய சிக்னலுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். தோற்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு போட்டி இருக்கிறதே, அதை ஓட்டிப் பார் என்பது செய்தவர்களின் எண்ணம். நல்ல எண்ணம்தான். எனக்குத்தான் ஆத்திரம். "ரீஸ்டார்ட் வைக்காதவனெல்லாம் என்ன கேம் பண்றான்" என்று வீட்டில் எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம்கூட. உலகம் முழுக்க பலர் இதையேதான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வருஷம் கழித்து, 2009 பிப்ரவரியில் வந்த அப்டேட்டில் ரீஸ்டார்ட்டை வைத்தே விட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. அதுவரை ஒரு பந்தயத்தில் தோற்றால் சிக்னலுக்குத் திரும்பிப் போக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் கோபம் தணியும், வழியில் எதையாவது இடித்து உடைப்பேன், மனசு லேசாகும். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் ஆறு முறைதான் தோற்க முடிந்தது. ரீஸ்டார்ட் வந்த முதல் நாள் ஒரே பந்தயத்தில் பத்தொன்பது முறை தோற்றேன். பையன் எண்ணிக்கொண்டிருந்தான். இருபதாவதில் அவனே கன்ட்ரோலரை வாங்கி ஓட்டி முதலாவதாக வந்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹோம்வொர்க் செய்யப் போனான்.

இந்த அப்டேட்களுக்குப் பழைய ஹாலிவுட் நடிகர்களின் பெயரை வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விவரம். முதலில் போகார்ட், பிறகு கேக்னி, அதற்கடுத்து டேவிஸ். நம் ஊரில் செய்திருந்தால் ரங்காராவ், நம்பியார், நாகேஷ் என்று வந்திருக்கும். எனக்கு நம்பியார் அப்டேட்டை நிறுவ வேண்டும் என்று ரொம்ப ஆசை.

கேக்னி 2008 ஜூலையில் வந்தது, இலவசமாக. இலவசம் என்றால் காசுக்கு இலவசம். எங்கள் வீட்டு இணைப்பு 256 கே.பி.பி.எஸ்., நூறு எம்.பி. இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவும் பகலில் இறக்கினால் மாதக் கணக்கில் ஏறும். இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில்லை. ஆகவே 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு, சோபாவில் காவலிருந்தேன். நாலேகாலுக்குக் கரண்ட் போயிற்று. 2008-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாவது இரவு நான் இருட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்ததை, தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா பார்த்தார்.

"என்னப்பா, உடம்புக்கு முடியலையா?"

"கேக்னி இறங்குதுங்கப்பா."

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் அம்மாவிடம் எனக்குச் சீக்கிரம் பெண் பார்க்கச் சொன்னதாகக் கேள்வி.

அவ்வளவு பாடுபட்டு இறக்கிய கேக்னியில் இருந்தவை பெரும்பாலும் ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடுவதற்கானவை. நான் ஆன்லைனில் போகவில்லை. கூச்சம். தோற்பது எனக்குப் பழக்கம், ஆனால் அதை முன்பின் தெரியாத பெல்ஜியத்துக்காரன் பார்ப்பது வேறு. அந்த ஆட்டத்தில் கேமரா மாட்டியிருந்தால் நம்மை இடித்துக் கவிழ்த்தவனுக்கு நம் முகம் போட்டோவாகப் போய்ச் சேரும் வசதிகூட உண்டு. நான் கேமரா வாங்கவே இல்லை. ஆக, அந்த மூன்று இரவுகளில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், காருக்கு விருப்பப்பட்ட நிறம் அடிக்கலாம் என்பது. மஞ்சள் அடித்தேன். பையன் "ஸ்கூல் வேன் மாதிரி இருக்கு" என்றான்.

செப்டம்பரில் பைக் வந்தது, அதுவும் இலவசம். கூடவே ஊருக்கு இரவும் பகலும் வந்தன. அதுவரை பாரடைஸ் சிட்டியில் பொழுதே சாயாது. எட்டு போடத் தெரியாதவனுக்கு பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கார் மோதினால் அதைக் காட்டுவதில் இந்த ஆட்டத்துக்கு இருக்கும் ஆசை சொல்லி மாளாது. மெதுவாக, பக்கவாட்டில், கண்ணாடி தூள்தூளாகப் பறக்க, பானெட் காகிதம் மாதிரிக் கசங்க, கோயில் தேர் திரும்புவதைக் காட்டுகிற மாதிரிக் காட்டும். பைக் மோதினால் மட்டும் ஓட்டுபவன் சட்டென்று காணாமல் போய்விடுவான். உடம்பைக் காட்டாத அந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் இருநூறாவது விபத்தில் காலி பைக் மட்டும் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, வண்டியே என்னை இறக்கிவிட்டுப் போகிறது என்று தோன்றியது.

நிஜமாக ஓட்டுவதைப் போலவே செய்யப்பட்ட ரேஸ் ஆட்டங்களையும் தொட்டுப் பார்த்தேன். கிரான் டூரிஸ்மோவில் லைசென்ஸ் தேர்வு இருக்கிறது, 1997-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே. வளைவில் எங்கே பிரேக் பிடித்தாய், எத்தனை நொடி எடுத்தாய் என்று அளக்கிறார்கள். அந்தத் திரையைப் பார்த்ததுமே எனக்கு ஆய்வாளர் முகம் ஞாபகம் வந்து அணைத்துவிட்டேன். பாரடைஸில் பிரேக் ஓர் அலங்காரம். எதிர்ப்பக்க லேனில் ஓட்டினால் பூஸ்ட் ஏறும், லாரியை உரசுகிற மாதிரிப் போனால் பூஸ்ட் ஏறும், வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டால் பூஸ்ட் ஏறும். நம் ஊரில் ஃபைன் கட்ட வேண்டிய எல்லாவற்றுக்கும் அங்கே பரிசு. எனக்கு அதிலும் ஒரு சிக்கல். உரசிக்கொண்டு போக வேண்டிய லாரியை நான் நேராக மோதுவேன். வேண்டுமென்றே தப்பாக ஓட்டுவதற்கும் கொஞ்சம் சரியாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னொரு அவமானம் தாமதமாகத் தெரிந்தது. இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் ரப்பர் பேண்ட் என்றொரு ஏற்பாடு உண்டு. நாம் முன்னால் போனால் கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகள் வேகமெடுக்கும், பின்தங்கினால் அவை நமக்காக மெதுவாகப் போகும், ஏதோ கண்ணுக்குத் தெரியாத ரப்பர் எல்லோரையும் இழுத்துக் கட்டியிருப்பது போல. ரிட்ஜ் ரேசர் காலத்து ஆர்கேட் ஆட்டங்களிலிருந்து வரும் பழைய தந்திரம். ஆட்டம் கடைசிவரை சூடாக இருக்க வேண்டுமே. இதைப் படித்தபோது நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த என் மூன்றாமிடங்கள் எல்லாம் கண்முன் வந்துபோயின. எனக்காக நின்றிருக்கிறார்கள். அப்படி நின்றும் நான் போய்ச் சேரவில்லை, அடுத்த தெருவில் திரும்பிவிட்டேன்.

2009 பிப்ரவரியில் பார்ட்டி பேக் வந்தது. இது காசு. ஒரே கன்ட்ரோலரைக் கைமாற்றிக்கொண்டு எட்டுப் பேர் வரை ஆடலாம். அடுத்த பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் வீட்டில். இரண்டு வருஷம் பழகியவன் என்ற தைரியத்தில் நான்தான் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அண்ணி அதுவரை கன்ட்ரோலரைத் தூசி துடைக்க மட்டுமே தொட்டவர். "இதுல எதுங்க வேகம்?" என்று கேட்டுக்கொண்டு ஆடினார். முதலிடம். பையன் இரண்டாமிடம். நான் ஏழாமிடம். எட்டாமிடம் வந்த மாமா பாதியில் போன் வந்ததால் எழுந்து போய்விட்டவர். அண்ணியிடம் ரகசியம் கேட்டேன். "அதான் மேல பேரு எழுதிக் காட்டுதே, அதைப் பார்த்துத் திரும்பினேன்" என்றார்.

அதற்கு முன்பே, 2009 ஜூனில், பிக் சர்ஃப் ஐலண்ட் என்று ஒரு தீவையே பாலம் போட்டு ஊரோடு சேர்த்தார்கள். அத்தோடு புதிய வரவு நின்றது. இடையில் 2008 அக்டோபரில் அமெரிக்காவின் 10 மாநிலங்களில் இந்த ஆட்டத்தின் தெருவோர விளம்பரப் பலகைகளில் ஒபாமாவின் தேர்தல் விளம்பரம் வந்தது. எக்ஸ்பாக்ஸில் ஆடியவர்களுக்கு. வெளியாகி ஒன்பது மாதமான ஆட்டத்துக்குள் ஜனாதிபதி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார். எங்கள் வார்டு கவுன்சிலர் நிஜத் தெருவுக்கே வந்ததில்லை.

எல்லோருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 2010-இல் ஸ்பிளிட்/செகண்ட் என்று ஒரு பிரமாதமான ரேஸ் ஆட்டம் வந்தது. கடைசியில் 'தொடரும்' என்று போட்டு முடித்தார்கள். அடுத்த வருஷமே அதைச் செய்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள், தொடரவே இல்லை. 2014-இல் வந்த தி க்ரூ இன்னும் விசித்திரம். 2024 மார்ச் 31-உடன் அதன் சர்வர்கள் நின்றன. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை என்பதால் டிஸ்க் வைத்திருப்பவர்கூட ஆட முடியாது. அந்த இரண்டிலும் நான் நன்றாக ஓட்டினேன் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

பாரடைஸின் பழைய பதிப்புக்கான ஆன்லைன் சர்வர்கள் 2019 ஆகஸ்ட் 1 அன்று மூடப்படும் என்று செய்தி வந்தபோதுதான் எனக்குப் பதறியது. பதினொரு வருஷம் திறந்திருந்த கடை, ஒரு நாள் உள்ளே போனதில்லை. இரண்டு பேரிலிருந்து எட்டுப் பேர் வரை சேர்ந்து செய்ய வேண்டிய சவால்கள் டிஸ்க்கிலேயே 350 இருந்தன. நான் செய்தது பூஜ்யம். கடைசி வாரம் ஒரு ராத்திரி பரணிலிருந்து பிஎஸ் 3-ஐ இறக்கி, தூசி தட்டி, உள்ளே போனேன். ஒரே ஒருவர் இருந்தார். இருவரும் ஓர் இடத்தில் போய்ச் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான் சவால். அவர் ஒரு நிமிடத்தில் போய்விட்டார். என் புள்ளி வரைபடத்தில் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார், அதே இடத்தில் வட்டமடித்துக்கொண்டு, நல்லவர். எட்டு நிமிடம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. இணைப்பு அறுந்ததோ, தூக்கம் வந்ததோ.

நல்லவேளையாக, முந்தின வருஷம் மார்ச்சிலேயே ரீமாஸ்டர்ட் பதிப்பு வந்திருந்தது. தீவு, பார்ட்டி எல்லாம் உள்ளடங்கியது. பையன் பிளஸ் டூவில் இருந்தான். பரீட்சை முடிந்ததும் வாங்கிக் கொடுத்தேன். அவனுக்காக. அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்ததும் அவன் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளூர சந்தோஷம். என் பழைய தோல்விகளுக்கு இனி பதிவேடு இல்லை.

இருந்தாலும் ஏழு வருஷத்தில் ஏதோ சேர்ந்திருக்கிறது. அந்த ஊரில் காரால் பாய்ந்து உடைக்க வேண்டிய சிவப்பு விளம்பரத் தட்டிகள் 120. போன தீபாவளிக்குப் பையன் வந்தபோது என் கணக்கு 119. மிச்சமிருந்த ஒன்றை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவனிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இட்லி சாப்பிடும்போது வாய் தவறிவிட்டது. அவன் சிரித்தான், வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பும்போது, "டிவி ஆன்லதான் இருக்கு சித்தப்பா, பாஸ் போட்டு வச்சிருக்கேன். நேரா ஆக்ஸிலரேட்டர் மட்டும் அழுத்துங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றான்.

உள்ளே போய்ப் பார்த்தேன். டவுன்டவுனில் ஓர் அடுக்கு பார்க்கிங்கின் மொட்டை மாடியில் என் மஞ்சள் கார் நின்றது. முன்னால் ஒரு சாய்தளம். அதற்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஆகாயத்தில் சிவப்புத் தட்டி. அவனே உடைத்திருக்கலாம். உடைக்காமல், வண்டியை நேராகத் திருப்பி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான், குழந்தை கையைப் பிடித்து 'அ' எழுதவைக்கிற மாதிரி.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பூஸ்ட்டும் கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. கொடுத்தேன். கார் தட்டிக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், மிக அழகாகப் பறந்து போயிற்று.

தெருவில் விழுந்ததும் மறுபடி அந்த மாடிக்குப் போக வழி தேடினேன். அடுத்த லெஃப்ட்தான் என்று ஞாபகம். இல்லை, அதற்கடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு பாலம் வந்தது. பிறகு ஒரு சுரங்கப்பாதை. போன் அடித்தது.

"சித்தப்பா, திருப்பூர் தாண்டிட்டேன். என்ன, 120 ஆச்சா?"

"வந்துட்டே இருக்கேன்டா."

"எங்க இருக்கீங்க?"

திரையைப் பார்த்தேன்.

"காத்தாலைகிட்ட."